கம்பி எண்ணுதல்

உலான்பத்தாரில் அக்டோபர் கடைசியோடு
கான்கிரீட் நின்றுவிடும்.
கிரேன் கழுத்தை ஒரு பக்கமாய்த் திருப்பிக்கொண்டு
ஏப்ரல் வரைக்கும் தூங்கும்.
காகிதத்துக்குக் குளிர்கால விடுமுறை இல்லை.

கன்டெய்னர் அலுவலகத்தில்
ஹீட்டருக்கு முன்னால் ஏழு அட்டைப்பெட்டிகள்.
ஒன்றில் முன்பு முட்டை வந்தது,
ஒன்றில் வெல்டிங் குச்சி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்த பேனாவை அக்குளில் செருகி
உருகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் தேதிவாரியாகப் பிரித்தேன்.
பிறகு மாடிவாரியாக.
பிறகு யார்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்பதன்படி.
அதுதான் சீக்கிரம் முடிந்தது.

சிமென்ட் ரசீது, தண்ணீர் லாரி ரசீது,
கனசதுரங்களை உடைத்துப் பார்த்த சோதனைத் தாள்கள்,
ஜன்னல் அளவைக் குறித்த சிகரெட் அட்டை,
ஸ்டோர்காரர் லுவ்சன்தம்பாவின் கோணல் எழுத்தில்
'கையுறை நாற்பது, அத்தனையும் இடது கை'
என்றொரு புகார்.
அதைச் சேர்க்கக் கோப்பில் தலைப்பில்லை.
எறியவும் மனமில்லை.

மறைவேலைச் சான்று என்று ஒன்று உண்டு.
கான்கிரீட் ஊற்றி மூடுமுன்
உள்ளிருக்கும் கம்பிகளை எண்ணி
மூன்று பேர் கையெழுத்திட வேண்டும்.
மூடியபின் யாரும் பார்க்க முடியாது.
அதன்பிறகு
அந்தத் தாள்தான் கம்பி.

முப்பத்தேழு இருக்கிறது.
முப்பத்தொன்பது இருக்கிறது.
ஆறாம் மாடி, வடக்கு மூலைத் தூண்,
முப்பத்தெட்டைக் காணோம்.

முட்டைப்பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஹீட்டருக்கடியில் கை விட்டேன்.
கம்பி கட்டிய ஷாரவுக்கு போன் போட்டேன்.
ஒப்பந்தக்காரன் கம்பி நீட்டிவிட்டான் அக்கா,
இரண்டு மாதக் கூலி பாக்கி, என்றான்.
நான் கேட்டது வேறு.
'பன்னிரண்டு கம்பி. நான்தானே கட்டினேன்?'
அவன் பின்னால் ஆடுகள் கத்தின.
குளிர்காலத்தில் அண்ணனின் பட்டியில் இருக்கிறான்.
'எண்ணிக்கொண்டிருந்தேன், நீங்கள் கூப்பிட்டீர்கள்,
முதலிலிருந்து எண்ணணும்' என்று வைத்துவிட்டான்.

டைரக்டர் தம்தின் வந்தார்.
தொப்பிப் பனியை என் மாடிவாரி அடுக்கின்மேல் தட்டினார்.
'பழைய தேதி போட்டுக் கையெழுத்துப் போடு.
தூண் நிற்கிறதுதானே?'

நிற்கிறது.
அதன்மேல் இன்னும் பீரோ வரவில்லை, பியானோ வரவில்லை,
பிறந்தநாளில் குதிக்கும் முப்பது பிள்ளைகள் வரவில்லை.

கம்பி எண்ணுவது என் வேலை.
எண்ணாததை எண்ணியதாக எழுதினால்
ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து எண்ண வேண்டிவரும்.
அந்தப் பயமும் உண்டு.
ஆனால் கையை நிறுத்தியது அது இல்லை.

லாரிச் சீட்டு சொல்கிறது:
அக்டோபர் பதினான்கு, மாலை ஐந்து இருபது,
வடக்கு மூலையில் ஊற்றினார்கள்.
டீசல் ரசீது சொல்கிறது:
அதே நாள், மாலை ஐந்து பத்து,
ஊரின் மறுகோடி பங்க்கில்,
கையெழுத்து: நொர்ஜ்மா.
என் கையெழுத்து. வால் நீண்டது.
இரண்டும் ஒரே பெட்டியில்
இவ்வளவு நாள் பேசாமல் கிடந்திருக்கின்றன.

கோப அடுக்கில் எனக்கென்று
இதுவரை ஒரு கட்டு வைக்கவில்லை.
வைத்தேன்.

முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே
ஒரு வெள்ளைத்தாளைத் துளையிட்டுச் செருகினேன்.
'எண்ணாமல் மூடப்பட்டது. பொறுப்பு'
என்பதுவரை எழுதியது பேனா.
பிறகு உறைந்தது.
மறுபடி அக்குள்.

மறுநாள் கம்பி தேடும் கருவியை வாடகைக்கு எடுத்து
லிஃப்ட் இல்லாத ஆறு மாடி ஏறினேன்.
தூணின்மேல் வைத்து மெல்ல நகர்த்த
உள்ளே கம்பி இருக்கும் இடத்தில் கூவும்.
ஒன்று. இரண்டு. மூன்று.
தூணைச் சுற்றி வந்தேன்,
யாரையோ கட்டிப்பிடிப்பதுபோல.
ஒன்பது. பத்து. பதினொன்று.

குளிரில் பேட்டரி செத்தது.

கழற்றி, பேனாவுக்குப் பக்கத்தில்
இன்னொரு அக்குளில் வைத்துக்கொண்டு
தூணில் சாய்ந்து நிற்கிறேன்.
ஷாரவிடமிருந்து செய்தி:
ஆடுகள் சரியாக இருக்கின்றன அக்கா.